மலையின் தண்ணீரும் தேயிலையின் உரமும்: மலையகத் தொழிற்சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய தொழிற்சங்கத் தலைவர்களே, மாவட்டப் பிரதிநிதிகளே, தோட்டக் கமிட்டித் தலைவர்களே, மாதர் சங்கத் தலைவிகளே,

ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கிறவன் நான். சம்பளம், வீடு, காணி உரிமை என்று உங்கள் மேசையில் கோப்புகள் குவிந்திருப்பதை அறிவேன். அவற்றோடு இன்னொரு கோப்பையும் திறந்து வையுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். பசுமை ஐதரசன் என்பது அதன் பெயர். கொழும்பில் அதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். மலையகத்தில் யாரும் பேசவில்லை. பேசவேண்டியவர்கள் முதலில் நாம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

காரணத்தை 2021இலிருந்து சொல்கிறேன். அந்த ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து வர்த்தமானி வெளிவந்தது. நவம்பரில் தடை நீங்கியது. ஆனால் தடை நீங்கியதும் உரம் வந்து சேரவில்லை. டொலர் இல்லை. 2022 மார்ச்சில் ரூபாய் சரிந்தது. உக்ரைன் போரால் உலகச் சந்தையில் யூரியா விலை ஏறியது. 2021இல் ஏறக்குறைய 29.9 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25.1 கோடி கிலோவாக விழுந்தது. பத்திரிகைகள் இதை ஏற்றுமதி வருமானத்தின் இழப்பு என்று எழுதின. உங்களுக்கு அது வேறு விதமாகத் தெரியும். உரம் விழாத மலையில் கொழுந்து இல்லை. கொழுந்து இல்லையென்றால் நிறை இல்லை. நிறை குறைந்தால் முழுப்பேர் அரைப்பேர் ஆகும், அதாவது முழுநாள் வேலை அரைநாளாக எழுதப்படும். எங்கோ எடுத்த ஒரு முடிவு, எங்கோ நடந்த ஒரு போர் இரண்டும் சேர்ந்து மாலையில் தராசுக்கு முன்னால் நிற்கும் ஒரு பெண்ணின் நாட்சம்பளத்தில் வந்து முடிந்தன.

அந்த யூரியா மூட்டைக்குள் இருப்பது என்ன? தேயிலைக்கு வேண்டியது நைதரசன். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன்தான். ஆனால் செடியால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதை ஐதரசனோடு சேர்த்து அமோனியாவாக்க வேண்டும். 1909இல் ஜேர்மனியின் பிரிட்ஸ் ஹேபர் ஆய்வுகூடத்தில் செய்து காட்டினார். கார்ல் பொஷ் 1913இல் ஓப்பாவ் நகரில் அதைத் தொழிற்சாலையாக்கினார். நானூறு பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலை, வளிமண்டல அமுக்கத்தைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்ட அமுக்கம், இரும்பு ஊக்கி. நம் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் அதே ஹேபர் முறை. யூரியா, சல்பேட் ஒஃப் அமோனியா எல்லாம் இந்த அமோனியாவின் பிள்ளைகள்.

இதில் நைதரசன் காற்றிலிருந்து இலவசமாக வருகிறது. ஐதரசனுக்குத்தான் செலவு. உலகம் அதைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கிறது; சீனா நிலக்கரியிலிருந்தும் எடுக்கிறது. அதனால்தான் எரிவாயு விலை ஏறினால் உர விலை ஏறுகிறது. நம் நாடும் ஒருகாலத்தில் யூரியா செய்ய முயன்றது. சப்புகஸ்கந்தையில் 1980களின் தொடக்கத்தில் திறந்த அரச யூரியாத் தொழிற்சாலை பெற்றோலிய நெப்தாவை நம்பி நின்றது. கட்டுப்படியாகாமல் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. தண்ணீருக்குள் மின்சாரம் செலுத்தினாலும் ஐதரசன் வரும்; இதுவே மின்பகுப்பு. ஒட்சிசன் ஒரு பக்கம், ஐதரசன் ஒரு பக்கம். அந்த மின்சாரம் ஆறு, காற்று, வெயில் ஆகியவற்றிலிருந்து வந்தால் அதுவே பசுமை ஐதரசன்.

பசுமை ஐதரசன் தண்ணீரும் மின்சாரமும் வேண்டிய தொழில். அதன் பெரிய பயன்களில் ஒன்று உரம். தேயிலை விளையும் மலையிலேயே மூன்றும் சந்திக்கின்றன. ஆனாலும் இலங்கையின் ஐதரசன் பேச்சு இங்கே வரவில்லை. பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபை 2023இல் தேசிய ஐதரசன் வழிகாட்டி ஒன்றைத் தந்தது. அதன் பிறகு கேட்பதெல்லாம் மன்னார்க் கடற்காற்று, துறைமுகம், கப்பல், வெளிநாட்டுக்கு ஏற்றுமதி. ஏற்றுமதி செய்வது தவறல்ல. ஆனால் உரத்துக்கு டொலர் தேடி அலைந்த நாடு, உரத்தின் மூலப்பொருளை முதலில் யாருக்குத் தருவது என்று ஒருமுறையாவது பொதுவில் விவாதித்திருக்க வேண்டும்.

மலையின் தண்ணீர் யாருக்கு என்ற கேள்வியை நாம் ஏற்கெனவே ஒருமுறை கேட்கத் தவறினோம். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே நீர்மின்சாரத்தால் இந்த நாடு எப்படி உயரலாம் என்று அறிக்கை படித்தார். லக்சபான மின்நிலையம் 1950இல்தான் இயங்கியது. பிறகு காசல்ரீ, மவுஸ்சாக்கலை, கெனியன், புதிய லக்சபான, பொல்பிட்டிய என்று களனியின் இரண்டு கிளைகளும் கட்டுக்குள் வந்தன. பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வறட்சியில் அதன் கோயில் இன்றும் வெளியே தெரிகிறது. 1985இல் கொத்மலை, 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை. லக்சபானத் தொகுதி மட்டும் 300 மெகாவாற்றுக்கு மேல் தருகிறது. இவ்வளவு மின்சாரமும் எங்கள் தலைக்கு மேல் கம்பியில் ஓடிக் கொழும்பைச் சேர்ந்தபோது, அந்தக் கம்பிகளுக்குக் கீழே பல லயங்களில் 1990களிலும் குப்பி விளக்குத்தான் எரிந்தது. மின்சாரத்தை யாரும் களவெடுத்துப் போகவில்லை. பெரும்பாலான திட்டங்கள் வரையப்பட்ட மேசையில் மலையகத் தொழிலாளர்கள் இல்லை. குடியுரிமையே இல்லாதிருந்தவர்களை யார் கூப்பிட்டிருப்பார்கள்? இன்று குடியுரிமை இருக்கிறது, வாக்கு இருக்கிறது, பாராளுமன்றத்தில் ஆசனங்கள் இருக்கின்றன, சங்கங்கள் இருக்கின்றன. ஐதரசன் திட்டங்கள் இன்னும் வரைவு நிலையிலேயே இருக்கின்றன.

அந்த மேசைக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பதற்காக ஒரு கணக்கைச் சொல்கிறேன். பிள்ளைகள் கரும்பலகையில் போடக்கூடிய கணக்குத்தான்.

ஒரு தொன் அமோனியாவில் ஏறக்குறைய 178 கிலோ ஐதரசன் இருக்கிறது. ஒரு கிலோ ஐதரசனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க இன்றைய கருவிகளுக்கு 50 முதல் 55 அலகு மின்சாரம் வேண்டும். காற்றிலிருந்து நைதரசனைப் பிரிக்கவும் வாயுக்களை அமுக்கவும் ஆகும் மின்சாரத்தையும் சேர்த்தால் ஒரு தொன் அமோனியாவுக்கு 10,000 அலகுக்குச் சற்று மேல். நாளுக்கு ஒரு தொன் செய்யும் சிறு ஆலைக்கு இரவும் பகலும் 440 கிலோவாற் அளவு போதும். 1996இல் டிக் ஓயாவில் தேசிய மின்கட்டமைப்போடு இணைந்த சிறு நீர்மின்நிலையத்தின் கொள்ளளவு 960 கிலோவாற். அதாவது அப்படிப்பட்ட ஒரு சிறு நிலையத்தின் பாதி.

அந்த ஒரு தொன்னில் 820 கிலோ நைதரசன். ஆண்டுக்கு 330 நாள் ஓடினால் 270 தொன். ஒரு ஹெக்டேயர் தேயிலைக்கு ஆண்டுக்கு 200 கிலோ நைதரசன் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் 1,300 ஹெக்டேயருக்கு மேல் போதும். மூன்று நான்கு பெரிய தோட்டங்களுக்கான உரம். நாட்டின் தேயிலைப் பரப்பு இரண்டு இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் என்பதால் முழு நாட்டுக்கும் இதைப் போல ஏறக்குறைய நூற்றைம்பது ஆலைகள் வேண்டியிருக்கும். ஆகவே இது நாளைக்கே நடக்கும் காரியம் என்று எவராவது மேடையில் சொன்னால் நம்பவேண்டாம். ஒரு ஆலையோடு தொடங்க முடியும் என்பது மட்டும் உண்மை.

தண்ணீரைப் பற்றி நியாயமான பயம் எழும். கணக்கு ஆறுதல் தருகிறது. ஒரு தொன் அமோனியாவுக்குள் போகும் தண்ணீர் 1,600 லீற்றர்; சுத்திகரிப்பில் கழிவதையும் சேர்த்து மூவாயிரம் நாலாயிரம் லீற்றர் என்று வையுங்கள். முப்பது நாற்பது பேர் நாளாந்தம் பாவிக்கும் தண்ணீர். ஆனால் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதே விடயம். பெப்ரவரி, மார்ச்சில் பீலி நூலாகச் சொட்டும் டிவிஷன்களை நீங்கள் அறிவீர்கள். குடிதண்ணீர்ப் பீலிக்கு மேலே எந்தக் குழாயும் போடக்கூடாது என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். சிறு நீர்மின்நிலையங்கள் வந்தபோது ஓடையைத் திருப்பிவிட்டு, கீழே கல்லும் மணலுமாகக் காயவிட்ட இடங்கள் இருக்கின்றன. அந்தத் தண்ணீரின் வருமானம் அந்த டிவிஷன்களுக்குப் போய்ச் சேர்ந்ததாக நான் அறியவில்லை.

ஐதரசனைச் சேமிப்பதும் கொண்டுபோவதும் இந்தத் தொழிலின் மிகக் கடினமான பகுதி. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் மலைக்கு எது பொருந்தும் எது பொருந்தாது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஐதரசன் எல்லாவற்றிலும் இலேசான வாயு. அதைத் திரவமாக்க மறை 253 பாகை செல்சியசுக்குக் குளிர்விக்க வேண்டும். குளிர்விப்பதற்கே அதிலுள்ள சக்தியில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடும். உருளைகளில் 200 மடங்கு வளிமண்டல அமுக்கத்தில் அடைத்தால், இரும்பு உருளைகளை ஏற்றிய ஒரு பெரிய பாரவூர்தி சில நூறு கிலோ ஐதரசனையே சுமக்கும். மீதி எடை எல்லாம் இரும்பு. கினிகத்தேனை வளைவுகளில் அந்தப் பாரவூர்தி ஏறி இறங்குவதை நினைத்துப் பாருங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மண்சரிவுகளால் மலையக வீதிகளும் புகையிரதப் பாதையும் எத்தனை இடங்களில் அறுந்தன என்பதையும் நினைத்துப் பாருங்கள். மலையிலிருந்து ஐதரசனை வெளியே கொண்டுபோகும் எந்தத் திட்டமும் இந்த வீதிகளில் தோற்கும்.

அமோனியாவாக்கினால் நிலைமை மாறும். மறை 33 பாகையில், அல்லது சாதாரண வெப்பநிலையில் பத்து மடங்கு அளவான அமுக்கத்தில் அது திரவமாகிவிடும். நாம் சமைக்கும் எரிவாயுவை அடைக்கும் தொட்டிகளுக்கு ஒத்த தொட்டியே போதும். இன்னும் ஒருபடி போய் அதைச் சல்பேட் ஒஃப் அமோனியா உரமாக்கினால் தொட்டியும் வேண்டாம். மூட்டையில் கட்டித் தோட்டத்து உரக் களஞ்சியத்தில் அடுக்கலாம். மழைக்காலத்தில் அதிகமாக வரும் மின்சாரத்தை உர மூட்டையாக்கி, உரம் போடும் பருவம் வரை வைத்திருக்கலாம். ஐதரசனைச் சேமிப்பதற்கு மலையகத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை. தேயிலை அமில மண்ணை விரும்பும் செடி என்பதால் சல்பேட் அதற்குப் புதிதல்ல. மண்ணின் அமிலம் அளவு மீறினால் கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் போடும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது.

சல்பேட்டில் ஒரு சிக்கலும் உண்டு, அதையும் மறைக்கமாட்டேன். ஒரு தொன் அமோனியாவைச் சல்பேட் ஆக்க ஏறக்குறைய 2.9 தொன் சல்பூரிக்கமிலம் வேண்டும். அதை மலைக்கு ஏற்றவேண்டும். யூரியா செய்யலாமே என்றால் அதற்குக் காபனீரொட்சைட்டு வேண்டும். தேயிலைத் தொழிற்சாலைகளின் விறகுப் புகையிலிருந்து அதைச் சுத்தமாகப் பிடிப்பது சிறு அளவில் கட்டுப்படியாகாது. அமோனியம் நைத்திரேற்று வெடிபொருளாகவும் மாறும். 2020இல் பெய்ரூட் துறைமுகத்தில் அது வெடித்ததைக் கண்டோம். லயங்கள் நெருங்கிய மலையில் அதைக் களஞ்சியப்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். எனவே நாளுக்கு ஒரு தொன் செய்யும் முன்னோடி ஆலை மட்டும் தலவாக்கலைப் பக்கம் இருக்கலாம். பெரிய ஆலைகள் வந்தால் அவை கீழே, துறைமுகத்துக்கு அருகில் அமைவதே நல்லது என்று நாளை ஒரு பொறியியலாளர் சொன்னால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். தொழிற்சாலை எங்கள் ஊரில்தான் இருக்கவேண்டும் என்று மட்டும் போராடி, உரம் யாருக்குப் போகும் என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். உற்பத்தியில் ஒரு நிர்ணயித்த பங்கு தேயிலைத் தோட்டங்களுக்கும் சிறு தேயிலைத் தோட்ட உரிமையாளருக்கும் முதலில் போகவேண்டும் என்பதுதான் கோரிக்கை.

இப்படி நடந்திருக்கிறதா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது, அதுவும் நீண்ட காலமாக. நோர்வே நாட்டில் 1920களின் கடைசியிலேயே ரியூக்கான் பள்ளத்தாக்கின் நீர்வீழ்ச்சி மின்சாரத்தால் ஐதரசன் எடுத்து உரம் செய்தார்கள். பெரு நாட்டில், அந்தீஸ் மலையில், கூஸ்கோ நகருக்கு அருகே கச்சிமாயோ என்ற ஊரில் மூவாயிரம் மீற்றருக்கும் மேலான உயரத்தில் 1960களில் கட்டிய ஆலை நீர்மின்சாரத்தால் அமோனியா செய்துவருகிறது. பிதுருதலாகலையின் உச்சியைவிட உயரமான இடம். கென்யாவில், நம்மோடு தேயிலைச் சந்தையில் போட்டிபோடும் அதே கென்யாவில், ஒரு கொட்டைப் பயிர்க் கம்பனியின் பண்ணையில் நாளுக்கு ஒரு தொன் அமோனியா செய்யும் சிறு ஆலை 2023இல் நிறுவப்பட்டது. சூரிய மின்சாரத்தில் ஓடுவது. எனது கணக்கில் உள்ள அதே அளவு.

தோல்விகளையும் படிக்கவேண்டும். பஞ்சாப்பின் நங்கலில் பக்ரா அணையின் மின்சாரத்தால் 1961 முதல் ஐதரசன் எடுத்து உரம் செய்தார்கள். அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய மின்பகுப்பு ஆலைகளில் அதுவும் ஒன்று. ஊர்களில் மின்சாரத் தேவை பெருகியதும் ஆலைக்குக் கிடைத்த மின்சாரம் சுருங்கியது. பிறகு எண்ணெய்க்கு மாறினார்கள். சிம்பாப்வேயின் குவேகுவேயில் கரிபா அணையை நம்பி 1970களில் எழுந்த ஆலையும் மின்சாரப் பிரச்சினையால் 2015இல் மின்பகுப்பை நிறுத்தியது. இரண்டிலும் தொழில்நுட்பம் தோற்கவில்லை. மின்சாரத்துக்கு வேறொரு வலியவர் வந்து நின்றபோது உரம் தோற்றது. நம் நாட்டிலும் மின்வெட்டு வந்தால் முதலில் நிறுத்தப்படுவது மலையகத்து உர ஆலையாகவே இருக்கும். 2022 மார்ச்சில் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாம். ஆகவே தேசியக் கட்டமைப்பின் தயவில் நிற்காமல், தனக்கென்று ஒதுக்கிய சிறு நீர்மின்நிலையம் ஒன்றோடு இணைத்தே முன்னோடி ஆலையைக் கேட்கவேண்டும்.

விலை? அலகு மின்சாரத்துக்கு 20 ரூபாய் என்றால் ஒரு தொன் அமோனியாவுக்கு மின்சாரச் செலவே இரண்டு இலட்சம் ரூபாயைத் தாண்டும். டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தால் 700 டொலர் அளவு. அமைதியான காலத்தில் உலகச் சந்தை அமோனியா இதைவிட மலிவு. இந்தியாவில் 2025இல் நடந்த பசுமை அமோனியா ஏலத்தில் கிலோ 55 இந்திய ரூபாய் அளவுக்கு விலை இறங்கிவிட்டது. தூத்துக்குடித் துறைமுகத்திலேயே அதே ஆண்டு ஒரு சிறு பசுமை ஐதரசன் ஆலை திறந்தார்கள். பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து மலிவாக வரும்போது நாம் ஏன் இங்கே செய்யவேண்டும் என்று கம்பனிகள் கேட்கும். கேட்கட்டும். டொலர் இருக்கும் வரை இறக்குமதி மலிவு. டொலர் தீர்ந்த ஆண்டில் வேண்டிய அளவு உரம் கிடைக்கவில்லை என்பதை 2022 காட்டியது. தேவையின் ஒரு பகுதியையாவது உள்ளூரில் செய்துவைத்தால் அடுத்த நெருக்கடியில் மலை வெறுமையாகாது. தன் பயிர் முழுவதையும் ஒரே கப்பலில் வைத்திருக்கும் தொழில் நீண்டகாலம் நிற்காது.

விலையைக் குறைக்கவும் வழி இருக்கிறது. ஜூன், ஜூலை மழையில் லக்சபான, கெனியன், நோர்ட்டன், மேல் கொத்மலை வான்கதவுகள் திறந்ததாகச் செய்தி வரும். அந்தத் தண்ணீரை அப்படியே மின்சாரமாக்கலாம் என்று எண்ணவேண்டாம். சுழலிகள் ஏற்கெனவே முழு அளவில் ஓடும் நேரம் அது. உண்மையான மிகுதி வேறிடத்தில் இருக்கிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிறு முற்பகலில், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. தேவை குறைந்து சூரிய மின்சாரம் கூடியிருந்த வேளை. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியப் படலங்களைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே வீட்டுக்காரர்களைக் கேட்டது. வேண்டாம் என்று தள்ளும் அந்த மின்சாரத்தை மலிவு விலைக்கு மின்பகுப்பு ஆலைக்குத் தரலாம். ஞாயிறு பகல்களை மட்டும் நம்பி ஆலை ஓடாது. மலிவான அந்த மணிநேரங்களும் சிறு நீர்மின்நிலையத்தின் தொடர்ந்த ஓட்டமும் சேர்ந்தால் ஓடும். சிறு நீர்மின்நிலையங்களின் பழைய பதினைந்து ஆண்டு ஒப்பந்தங்கள் முடிந்து புதுப்பிக்கப்படும் காலமும், மின்சார சபையே 2024 சட்டத்தின் கீழ் பிரிக்கப்படும் காலமும் இது. புதிய விதிகள் எழுதப்படும்போது கேட்டால் கிடைக்கும். எழுதிய பின் கேட்டால் நீதிமன்றம் போகவேண்டும்.

ஐதரசனின் பெயரால் வரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் வேண்டாம். தேயிலை உலர்த்தும் அடுப்பை ஐதரசனில் எரிப்போம் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே வேண்டிய சூடு ஏறக்குறைய நூறு பாகை. ஒழுங்காக நட்டு வளர்த்த விறகுக் காடும் திருத்திய அடுப்பும் அதை மிகக் குறைந்த செலவில் தரும். கொழுந்து லொறிக்கும் ஐதரசன் வேண்டாம், மின்கலம் போதும். சென்னை ஐ.சி.எஃப்.இல் ஐதரசன் புகையிரதம் கட்டியிருக்கிறார்கள், நல்லது. பதுளைப் பாதைக்கு அது வருமா என்பதை மண்சரிவுகளைச் சீர்செய்த பிறகு பேசலாம்.

பாதுகாப்பை நான் இவ்வளவு பிந்திச் சொல்வதால் அது சிறிய விடயம் என்று எண்ணிவிடாதீர்கள். ஐதரசனின் சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரியாது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே தீப்பிடிக்கும். ஆனால் திறந்த வெளியில் அது மேலே பறந்துவிடும். என்னை அதிகம் கவலைப்படுத்துவது அமோனியா. திரவ அமோனியா கசிந்தால் குளிர்ந்த மேகமாகத் தரையோடு தவழும். கண்ணையும் மூச்சையும் தாக்கும். நம் பள்ளத்தாக்குகளில் காற்றே அசையாத பனி இரவுகள் அதிகம். தோட்டத்தில் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே லயம் இருப்பது நூற்றைம்பது ஆண்டு வழக்கம். இந்த வழக்கத்தை அமோனியா ஆலைக்கு ஒருபோதும் அனுமதிக்கக்கூடாது. லயத்துக்கும், பாடசாலைக்கும், பிள்ளை மடுவத்துக்கும் எவ்வளவு தூரத்தில், எந்தக் காற்றுத் திசையில், சரிவின் மேலா கீழா என்பதையெல்லாம் தமிழில் அச்சிட்ட அறிக்கையாகக் கேளுங்கள். பெரட்டுக் களத்தில் வாசித்துக் காட்டக்கூடிய மொழியில் அது இருக்கவேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் என்று குறித்த நிலத்தில் ஒரு தொட்டியையும் வைக்கவிடாதீர்கள். மன்னாரில் காற்றாலைகளுக்கு எதிராக 2025இல் மக்கள் வீதிக்கு வந்தார்கள். முடிவெடுத்த பிறகு வந்து விளக்கம் சொல்வதையும் அவர்கள் எதிர்த்தார்கள்.

வேலைவாய்ப்பைப் பற்றிப் பெரிய வாக்குறுதிகள் வரும். நாளுக்கு ஒரு தொன் ஆலை அதிகம் பேருக்கு வேலை தராது. ஆனால் அந்தக் கொஞ்ச வேலைகளும் உயர் அமுக்கக் குழாய் ஒட்டுநர், மின்னியலாளர், கட்டுப்பாட்டுக் கருவித் தொழில்நுட்பவியலாளர், இரசாயனப் பகுப்பாய்வாளர் என்று தேர்ச்சி கேட்பவை. ஆலை திறக்கும் நாளில் வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்துவிட்டு, உங்கள் பிள்ளைகளுக்குத் தகுதியில்லை என்று சொல்வார்கள். அதற்கு இடம் வைக்காமல் இன்றே ஹட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையத்திலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் இதற்கான பாடநெறிகளைத் தமிழ்மொழியில் தொடங்கக் கேளுங்கள். அதற்கும் முன்னால், நம் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கு ஆசிரியர் வேண்டும். கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றுக்கும் நிரந்தர ஆசிரியர் உள்ள தமிழ்ப் பாடசாலைகள் தோட்டப் பகுதிகளில் மிகக் குறைவு. கெட்டிக்காரப் பிள்ளைகள் விருப்பமில்லாமல் கலைப்பிரிவுக்குப் போவதை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். அது எனக்குத் தாங்கமுடியாத வேதனை. ஐதரசனைப் பற்றி நான் இவ்வளவு எழுதுவதற்கு அந்தப் பிள்ளைகளும் ஒரு காரணம்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? தலவாக்கலை சென்ற் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1925இல் தொடங்கிய நிறுவனம். தேயிலைக்கு எந்த உரம், எவ்வளவு, எப்போது என்பதை நாட்டுக்குச் சொல்லும் இடம். அருகில் மேல் கொத்மலை அணை. கீழே பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். நாளுக்கு ஒரு தொன், அல்லது அதிலும் பாதி அளவான முன்னோடி ஆலை ஒன்றை இந்த மூன்றையும் இணைத்து ஏன் தொடங்கக்கூடாது என்று அரசைக் கேளுங்கள். எரிசக்தி அமைச்சு, பெருந்தோட்ட அமைச்சு இரண்டும் ஒரே மேசையில் இருக்கட்டும். அந்த மேசையில் தொழிலாளர் பிரதிநிதிக்கு வாக்குரிமையுள்ள இருக்கை வேண்டும். பார்வையாளர் நாற்காலி போதாது. ஆலையின் பங்குகளில் ஒரு பகுதி தோட்ட மக்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு எழுதப்படவேண்டும். 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளுக்குப் போனபோது உடன்படிக்கைகள் எழுதப்பட்டன. இந்த முறை தண்ணீரை முதல் பந்தியில் எழுதச் சொல்லுங்கள்.

சங்கங்களுக்கிடையே கொடி நிறப் போட்டி இருப்பதை அறிவேன். சம்பள விடயத்தில் பிரிந்து நிற்கிறீர்கள்; இதில் பிரிய எந்தக் காரணமும் இல்லை. உரம் எந்தக் கொடியின் கீழ் இருக்கிற மலைக்கும் ஒரே உரம்தான். இரண்டு பக்கத்தில் ஒரு கூட்டு மகஜர் போதும்: தேசிய ஐதரசன் திட்டத்தில் உள்ளூர் உரத்துக்கு முதலிடம், தலவாக்கலையில் முன்னோடி ஆலை, குடிதண்ணீருக்கும் லயங்களுக்கும் எழுத்து மூலப் பாதுகாப்பு, தமிழ்மொழிப் பயிற்சி, மக்களுக்குப் பங்கு. கணக்குகளைச் சரிபார்க்க, வரைவு எழுத, அமைச்சுக்கு வந்து விளக்க என்னைப் போன்ற ஆசிரியர்களும் மலையகத்திலிருந்து போய்ப் பொறியியலாளர்களானவர்களும் தயாராக இருக்கிறோம். அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்மொழிவுகள் கேட்கப்படுவதற்கு முன்னால் எங்களைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
ஓர் இரசாயனவியல் ஆசிரியர்,
ஹட்டன்.